கூரை எரிந்த கோயிலில் நாடகம்

ராயபுரம் ரயில் நிலையம் 1856-ல் திறந்தது. கவனிப்பாரின்றிக் கிடந்த அந்தக் கட்டடத்தைப் பழுதுபார்த்து மீண்டும் திறக்க 2005 ஆயிற்று. அதற்கு வாய்த்த அதிர்ஷ்டம் எல்லாப் பழைய கட்டடங்களுக்கும் வாய்ப்பதில்லை. கூரை விழுந்துவிட்டால் "இனி இதில் என்ன இருக்கிறது, இடித்துவிடலாம்" என்பதுதான் நம் முதல் பேச்சு.

ஜெர்மனியின் பாட் ஹெர்ஸ்ஃபெல்ட் ஊர்க்காரர்கள் அப்படி நினைக்கவில்லை. அங்கிருந்த மாபெரும் மடாலயத் தேவாலயத்தை ஏழாண்டுப் போரில் பிரெஞ்சுப் படை கிடங்காக வைத்திருந்தது. 1761-ல் பின்வாங்கும்போது கொளுத்திவிட்டுப் போனது. ஏறக்குறைய 100 மீட்டர் நீளத்துக்கு மொட்டைச் சுவர்கள் நின்றன. 1951-ல் அதற்குள் நாடக விழா தொடங்கியது. இன்றும் கோடைதோறும் நடக்கிறது. பீடம் இருந்த பக்கம் மேடை. மக்கள் நின்று ஜெபித்த நடுக்கூடத்தில் நாற்காலிகள். கூரை இல்லாவிட்டாலும் குரல் சிதறிப்போகாமல் இருபுறமும் கற்சுவர்கள் தாங்கிக்கொள்கின்றன. மைதானத்துக் கொட்டகையில் இது கிடைக்காது.

மழைக்கு என்ன செய்வது? கட்டடக் கலைஞர் ஃப்ரை ஓட்டோ 1968-ல் சொன்ன விடை அழகானது. இடிபாட்டுக்கு வெளியே ஒற்றைக் கம்பம். அதிலிருந்து கம்பிவடங்கள் விரிகின்றன. மழை வந்தால் மோட்டார்கள் துணிக்கூரையை வடங்களின் வழியே இழுத்துப் பார்வையாளர் தலைக்குமேல் விரிக்கும். வானம் தெளிந்தால் துணி கம்பத்தருகே சுருங்கிவிடும். பழைய சுவர் அந்தக் கூரையைச் சுமக்க வேண்டியதே இல்லை. பழையதைக் காப்பாற்றுவது என்றால் இதுதான்.

இங்கிலாந்தின் காவன்ட்ரியிலும் 1940-ல் குண்டுவீச்சில் எரிந்த பேராலயத்தை அப்படியே விட்டுவைத்து, பக்கத்திலேயே புதிதாகக் கட்டினார்கள். பழைய சுவர்களுக்குள் விவிலிய நாடகங்கள் நடந்தன.

திறந்தவெளி நாடகம் நமக்குப் புதிதல்ல. புனித வாரத்தில் பாஸ்கா பார்க்க மைதானத்தில் உட்கார்ந்தவர்களுக்கும், விடியவிடியத் தெருக்கூத்து பார்த்தவர்களுக்கும் கூரை ஒரு குறையாகத் தெரிந்ததில்லை. மூடிய பெரம்பூர் பின்னி மில்லைச் சினிமாக்காரர்கள் படப்பிடிப்புக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். வடசென்னைப் பிள்ளைகளின் நாடகத்துக்கும் அப்படி ஓர் இடம் வேண்டும்.

ஆனால் கடற்காற்று பொல்லாதது. சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய சுவருக்குச் சிமென்ட் பூசினால் ஈரமும் உப்பும் உள்ளேயே தங்கிச் செங்கல்லை அரிக்கும். சுண்ணாம்புப் பூச்சே பூச வேண்டும். உங்கள் தெருவில் ஒரு பழைய கட்டடத்தின் கூரை விழுந்தால், இடிக்கும் இயந்திரம் வருவதற்குள் பழங்கட்டடம் அறிந்த ஒரு பொறியாளரை அழைத்துச் சுவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.