எழுத்து நீந்தும் பையன்

கிரேக்கப் புராணத்தில் மெடூசாவின் தலையை வெட்டிய வீரன் பெர்சியஸ். அவன் பெயரைத் தாங்கிய பன்னிரண்டு வயதுப் பையன்தான் பெர்சி ஜாக்சன். ரிக் ரியோர்டன் எழுதி 2005-ல் வெளிவந்த ‘தி லைட்னிங் தீஃப்’ நாவலின் நாயகன். கடல் தெய்வம் பொசைடனின் மகன். ஆனால் பள்ளிக்கூடத்தில்? புத்தகத்தைத் திறந்தால் எழுத்தெல்லாம் நீந்தும். ஒரு இடத்தில் உட்கார மாட்டான்.

ரியோர்டன் அமெரிக்காவில் ஆசிரியராக இருந்தவர். அவர் மகனுக்கே டிஸ்லெக்சியா எனும் வாசிப்புச் சிக்கல் உண்டு. இரவில் மகனுக்குக் கிரேக்கக் கதைகள் சொன்னார். சரக்கு தீர்ந்ததும், புதுசா ஒன்று சொல்லச் சொன்னான் பையன். பிறந்தான் பெர்சி!

ஒலிம்பஸை நியூயார்க்கின் 102 மாடி எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில், இல்லாத 600-வது மாடியில் வைத்தார் ரியோர்டன். அதைவிடப் பெரிய வேலை வேறு. பெர்சியின் மூளை பழைய கிரேக்க மொழிக்கென்றே அமைந்தது. அதனால்தான் ஆங்கிலம் நீந்துகிறது. அவன் துறுதுறுப்பு, போர்க்களத்தில் உயிர் காக்கும் வேகம். குறை என்றதையே குலத்தின் அடையாளமாக்கிவிட்டார்!

எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். வாசிக்கத் திணறும் தம்பியை ‘மக்கு’ என்று எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். இப்போது அந்த வார்த்தை வாயில் வர மாட்டேன் என்கிறது.