கடல்மட்டத்தைக் கணக்கெடுக்கும் கருவி



லிங்கநகர்வாசிகளாகிய எமக்குக் கடல் ஏறுவதும் வற்றுவதும் புதுமையன்று. ஆனால், கடல் வழக்கத்துக்கு மாறாகத் திடீரென உள்வாங்கினால் அது ஆழிப்பேரலையின் முன்னறிகுறியாக இருக்கக்கூடும். 2004 டிசம்பர் 26ஆம் நாள் காலை 6.58க்குச் சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் நடுங்கிற்று. ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் அலை எமது கீழ்க்கரையை அடைந்தது. எச்சரிக்கை எட்டவில்லை. அதன் பின்னர் இந்து சமுத்திரத்துக்கென எழுந்த எச்சரிக்கை வலையமைப்பிலே திருகோணமலைக் கடல்மட்ட நிலையமும் இடம்பெற்றது.

இத்தகைய நிலையங்களில் கடல்மட்டத்தை அளக்கப் பலவகை உணரிகள் உண்டு. நீருள் அமிழ்த்திவைக்கும் அமுக்க உணரியை எடுத்துக்கொள்வோம். நீர் ஒரு மீற்றர் உயர, அமுக்கம் ஏறத்தாழ 100 மில்லிபார் கூடும். உணரி அதனை மின்னோட்டமாக்கிக் கம்பிவழி பதிவுக் கருவிக்கு அனுப்பும். அம்மின்னோட்டம் 4 முதல் 20 மில்லியம்பியர் வரை அமைவது வழக்கம். பூச்சியத்தில் தொடங்காது நான்கில் தொடங்குவானேன்? கலை பயின்ற என்னையும் வியக்கவைத்த நுட்பம் இது. நீர் இல்லாவிடினும் 4 வந்துகொண்டே இருக்கும். கம்பி அறுந்தாலோ பூச்சியம் வரும். இவ்வேறுபாடு இல்லையேல், உப்புக்காற்றில் அரித்து அறுந்த ஒரு கம்பியும், கடல் உள்வாங்கியதும் கருவிக்கு ஒன்றாகவே தோன்றும்!

இனிக் கருவிக்கு அளவுகோலைச் சொல்லிக் கொடுத்தல் வேண்டும். பத்து மீற்றர் உணரியில் 12 மில்லியம்பியர் என்றால் ஐந்து மீற்றர். உணரி ஐந்து மீற்றருக்குரியது என்று கருவியில் பதிந்துவிட்டால், அதே மின்னோட்டம் இரண்டரை மீற்றராகிவிடும்.

எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை அளப்பது என்பதையும் குறிக்க வேண்டும். வற்றுப்பெருக்கை அறிய மணிக்கு ஒருமுறை போதும். ஆழிப்பேரலையின் முகடோ, இரு அளவுகளுக்கிடையே வந்து மறைந்துவிடக்கூடும். ஆகவே நிமிடத்துக்கு ஒருமுறையேனும் அளந்து, உடனுக்குடன் அனுப்புதல் அவசியம்.

கருவியின் கடிகாரத்தைக் கிறீனிச் நேரத்தில் வைப்பதே நன்று. 2004இல் இலங்கை நேரம் அதற்கு ஆறு மணி முந்தியிருந்தது. 2006 ஏப்ரலில் ஐந்தரை மணியாயிற்று. உள்ளூர் நேரத்தில் எழுதிய ஏட்டில், அந்நாளுக்கு முன்னுள்ளவற்றையும் பின்னுள்ளவற்றையும் ஒப்பிடுவோர் அரை மணியைக் கழித்தே பார்க்க வேண்டும்.