வயதான பூனைக்கு தீராத வாந்தி, பேதியா? ‘வயசாயிடுச்சு’ என்று விட்டுவிடாதீர்கள்!

நாமக்கல்:

வீட்டில் 10, 12 வருடமாக வளரும் பூனை. சாப்பிடத்தான் செய்கிறது. ஆனால் உடம்பு தேறவில்லை. முதுகெலும்பு துருத்திக்கொண்டு தெரிகிறது. வாரத்துக்கு இரண்டு, மூன்று தடவை வாந்தி. பேதி நிற்பதும், மறுபடி வருவதுமாக இருக்கிறது.

இதைப் பார்த்து, “வயசாயிடுச்சு, இனி அவ்வளவுதான்” என்று பலர் விட்டு விடுகிறார்கள். சிலர் மீன் மார்க்கெட் பக்கம் கொண்டு போய் விட்டு வந்து விடுகிறார்கள். ஆனால் இது நாள்பட்ட குடல் அழற்சி நோயாக இருக்கலாம். அடியோடு குணமாகாது. ஆனால் கட்டுக்குள் வைக்கலாம். நல்லபடியாக கவனித்தால் வருடக்கணக்கில் வாழும் பூனைகளும் உண்டு.

என்ன நோய்?

உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி, சாப்பாட்டையும் குடலில் உள்ள கிருமிகளையும் எதிரியாக நினைத்து சண்டை போடுகிறது. இதனால் குடலின் சுவர் வீங்கி தடித்துப் போகிறது. தின்ற சத்து உடம்பில் ஒட்டாமல் வெளியே போய் விடுகிறது. இது மனுஷங்களுக்கு தொற்றாது.

பரிசோதனை முக்கியம்

குடல் புழு, தைராய்டு, சிறுநீரக கோளாறு, சர்க்கரை நோய் இருந்தாலும் பூனை இப்படித்தான் இளைக்கும். எனவே முதலில் மலம், ரத்தம் பரிசோதனை செய்ய வேண்டும். அடுத்து வயிற்று ஸ்கேன்.

வயதான பூனைகளுக்கு வரும் ஒரு வகை குடல் புற்றுநோயும் அச்சு அசல் இதே மாதிரி இருக்கும். ஸ்கேனை மட்டும் வைத்து இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. குடல் சதையில் துளி எடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகும். அந்த புற்றுநோய்க்கும் மாத்திரை இருக்கிறது.

சாப்பாடுதான் பாதி மருந்து

பூனை இதுவரை சாப்பிடாத ஒரே ஒரு இறைச்சியை 2, 3 வாரம் கொடுத்துப் பார்க்க வேண்டும். இதுவரை கோழி, மீன் தின்ற பூனைக்கு ஆட்டுக்கறியோ, முயல் கறியோ வேக வைத்து கொடுக்கலாம். உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு கூடவே கூடாது. பல பூனைகளுக்கு 2 வாரத்திலேயே வாந்தி குறைந்து விடும்.

இடையில் “பாவம், கேக்குதே” என்று ஒரு துண்டு கருவாடு போட்டால்கூட எல்லாம் வீண். பாலும் வேண்டாம். பெரிய பூனைகளில் பலவற்றுக்கு பால் செரிக்காது, பேதி அதிகமாகும்.

வெறும் கறியையே மாதக்கணக்கில் கொடுத்தால் சத்துக் குறைவு வரும். அதனால் பிறகு என்ன கொடுப்பது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மருந்து

சாப்பாட்டில் சரியாகாவிட்டால் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுப்பார்கள். எடை பார்த்து அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். வாந்தி நின்றதும் நீங்களாக நிறுத்தக்கூடாது. படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். மாத்திரை சாப்பிடும்போது பூனை அதிகமாக தண்ணீர் குடித்து அதிகமாக சிறுநீர் போனால் சர்க்கரை நோய் வந்திருக்கலாம். உடனே சொல்லுங்கள்.

குடல் கெட்டால் பி-12 சத்தும் குறையும். அப்படி இருந்தால் வாரம் ஒரு ஊசி வீதம் 6 வாரம் போடுவது வழக்கம்.

உஷார்!

வீட்டில் இருக்கும் பாரசிட்டமால் மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். பூனைக்கு அது விஷம். உயிரே போய்விடும்.

பூனை 2 நாள் தொடர்ந்து சாப்பிடாவிட்டால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து ஆபத்தாகி விடும். கண், ஈறு மஞ்சளானாலோ, ரத்தமாக மலம் போனாலோ தாமதிக்கக்கூடாது.

வாரம் ஒரு தடவை பையில் உட்கார வைத்து தராசில் எடை பார்த்து காலண்டரில் குறித்து வையுங்கள். 4 கிலோ பூனை 400 கிராம் குறைந்தால், 60 கிலோ ஆள் 6 கிலோ இளைத்த மாதிரி.

நாமக்கல்லிலும், சென்னை வேப்பேரியிலும் உள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் பூனைகளுக்கும் சிகிச்சை அளிக்கிறார்கள். போகும்போது எடை குறித்த தாளையும், பூனையின் மலத்தை ஒரு டப்பாவிலும் கொண்டு போனால் டாக்டருக்கு பாதி வேலை மிச்சம்.