டிக்கெட்டில் இரண்டு மணி நேரம், ஆகாயத்தில் பதினான்கரை!

"டெல்லியில் காலை 4 மணிக்கு ஏறினால் அன்றைக்கே காலை 6 மணிக்கு சான்பிரான்சிஸ்கோ. இரண்டு மணி நேரம்தானா?" டிக்கெட் பிரின்ட் அவுட்டைப் பார்த்துவிட்டு என் பெரியம்மா கேட்டார். அவர் இன்சுலின் போட்டுக் கொள்பவர். சரியான பயண நேரம் தெரிந்தால்தான் ஊசி நேரத்தை டாக்டரிடம் கேட்க முடியும்.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். சான்பிரான்சிஸ்கோ கோடையில் நம்மைவிட பன்னிரண்டரை மணி நேரமும், குளிர்காலத்தில் பதிமூன்றரை மணி நேரமும் பின்தங்கி இருக்கிறது. கோடையில் அங்கே காலை 6 என்றால் இங்கே மாலை 6.30. ஆக, பயணம் பதினான்கரை மணி நேரம்.

தூரத்தையும் உங்கள் கம்ப்யூட்டரிலேயே அளக்கலாம். பிரவுசரில் கூகுள் மேப்ஸைத் திறந்து டெல்லி விமான நிலையத்தின் மேல் மவுஸின் வலது பட்டனை கிளிக் செய்யுங்கள். வரும் மெனுவில் 'மெஷர் டிஸ்டன்ஸ்' என்பதைத் தேர்வு செய்து, அடுத்து சான்பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் கிளிக் செய்யுங்கள். சுமார் 12,380 கி.மீ. என்று காட்டும். கோடு வளைந்து சைபீரியா, ஆர்க்டிக் கடல், அலாஸ்கா என்று வடக்கே போவதைப் பார்த்து திகைக்க வேண்டாம். உருண்டையான பூமியில் அதுதான் குறுக்கு வழி. (வீட்டில் குளோப் இருந்தால் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள்.)

ஆனால் இந்த தூரத்தை வேகத்தால் வகுத்து பயண நேரத்தைக் கண்டுபிடித்துவிட முடியாது. ஏர் இந்தியா 2015 டிசம்பரில் இந்த நேரடி விமானத்தைத் தொடங்கியபோது அட்லாண்டிக் வழியாக சுமார் 13,900 கி.மீ. பறந்தது. 2016 அக்டோபரில் பசிபிக் வழிக்கு மாறியது. தூரம் சுமார் 15,300 கி.மீ. ஆயிற்று. 1,400 கி.மீ. சுற்று! ஆனாலும் பழைய வழியைவிட சீக்கிரமாக, பதினான்கரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. கணக்குப் போட்டால் மணிக்கு சராசரி 1,055 கி.மீ. பெரிய ஜெட் விமானத்தின் வழக்கமான வேகமோ 900 கி.மீ. அளவுதான்.

மீதி வேகத்தைக் கொடுத்தது காற்று. சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் ஸ்ட்ரீம், ஆற்றோட்டம் பரிசலைத் தள்ளுவது போல விமானத்தைத் தள்ளுகிறது. எதிர்த்துப் போனால் அதே காற்று வேகத்தைக் குறைக்கும். அதனால்தான் போகும் நேரமும் திரும்பும் நேரமும் ஒன்றாக இருப்பதில்லை. காற்று தினமும் ஒரே மாதிரி வீசுவதில்லை என்பதால் அந்த நேரமும் நாளுக்கு நாள் மாறும்.

எனவே, பிளைட்ராடார்24 தளத்தில் உங்கள் விமானத்தின் எண்ணைக் கொடுத்துத் தேடுங்கள். கடந்த சில நாட்களில் அது உண்மையில் எப்போது கிளம்பி எப்போது இறங்கியது என்று இலவசமாகவே பார்க்கலாம். பெரியம்மாவின் விமானத்துக்கு அதில் மிகக் குறைந்த நேரம், மிக அதிக நேரம் இரண்டையும் குறித்துக் கொண்டோம். சென்னையிலிருந்து டெல்லி போகும் நேரத்தையும் அங்கே காத்திருக்கும் நேரத்தையும் கூட்டி, எல்லாவற்றையும் இந்திய நேரத்திலேயே எழுதி டாக்டரிடம் கொடுத்தோம்.