சத்தம் வந்த பக்கம் கண் திரும்புவது எப்படி?



ஆலங்குடிக் கடைத்தெருவில் நடக்கையில் இடப்புறம் பேருந்து ஹாரன் அடித்தால், நாம் யோசிக்குமுன்பே கண் அந்தப் பக்கம் ஓடிவிடுகிறது. அந்தச் சத்தம் இடது காதுக்கு முந்தி வருகிறது. வலது காதுக்கு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகப் பிந்தி, சற்று மங்கி வருகிறது. இந்த அற்ப வித்தியாசமே மூளைக்குத் திசையைச் சொல்லுகிறது.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. காது தலையோடு ஒட்டியது. கண்ணோ குழிக்குள் உருளுவது. தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் வலப்பக்கம் ஓட்டிக் கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள். நேர் எதிரே ஒருவர் கூப்பிடுகிறார். கண் இடப்பக்கம் வர வேண்டும். இடப்பக்கச் சன்னலைப் பார்த்திருந்தாலோ, அதே குரலுக்கு வலப்பக்கம் வர வேண்டும். காது கேட்டது இரண்டு முறையும் ஒன்றே! ஆகவே கண் அப்போது எங்கே நிற்கிறது என்பதையும் மூளை கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

அமெரிக்க ஆய்வாளர்களான ஜே, ஸ்பார்க்ஸ் இருவரும் 1984-ல் குரங்கின் நடுமூளையில் இதைக் கண்டார்கள். சத்தத்துக்கு அசையும் நரம்பணுக்கள், கண் நகர்ந்தபோது தாங்கள் கவனிக்கும் திசையையும் மாற்றிக்கொண்டன. 2018-ல் டியூக் பல்கலைக்கழகத்தார் வெளியிட்டது இன்னும் வியப்பு: சத்தமே இல்லாதபோதும், கண் அசைந்தால் செவிப்பறையும் அசைகிறது.

ஒரு காது கேளாதவர்களை வார்டில் சந்திக்கையில் இதை நினைப்பேன். பேச்சு அவர்களுக்குப் புரிகிறது; பெயர் சொல்லிக் கூப்பிட்டாலோ கண் அங்குமிங்கும் தேடுகிறது. சாலையில் இது ஆபத்து. அவர்களைப் பார்க்க வருகிறவர்கள், தயவுசெய்து கட்டிலுக்கு எதிரே வந்து நின்றபின் பேசத் தொடங்குங்கள்.