எலிக் கூழில் வளரும் மனிதக் குடல்

மனிதக் கருவில் நான்காம் வாரத்தில் உருவாகும் குடற்குழாயை நேரில் பார்ப்பது இயலாத செயலாகவே இருந்துவந்தது. ஸ்டெம் செல் எனப்படும், எத்திசுவாகவும் மாறவல்ல குருத்தணுக்கள் அத்தடையைப் பெருமளவு விலக்கியுள்ளன.

அமெரிக்காவின் சின்சினாட்டி நகர ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட செய்முறை, கரு தானே கடைப்பிடிக்கும் வரிசையைப் பின்பற்றியது. முதல் 3 நாள்களில் ஆக்டிவின் என்னும் புரதம் குருத்தணுக்களை, குடலும் கல்லீரலும் நுரையீரலும் தோன்றும் அக அடுக்காக மாற்ற, அடுத்த 4 நாள்களில் வேறிரு புரதங்கள் அதைப் பின்குடலாகத் திருப்புகின்றன. அப்போது தட்டின் தரையிலிருந்து நுண்ணுருண்டைகள் தாமாகவே பிரிந்து மிதக்கத் தொடங்குகின்றன.

அவ்வுருண்டைகளை ஏந்தும் கூழ்தான் கவலைக்குரியது. பனிக்கட்டியின் மேல் நீர்மமாக இருக்கும் அதைத் துளியாகத் தட்டில் இட்டு உடல்வெப்பத்தில் வைத்தால், சில நிமிடங்களில் குவிமாடம்போல் உறைந்துவிடுகிறது. அதனுள் ஏறத்தாழ ஒரு மாதத்தில் உருண்டைகள் மடிப்புகளும் சளி சுரக்கும் உயிரணுக்களும் கொண்ட குடலுருவாக, அதாவது ஆர்கனாய்டாக வளர்கின்றன. லாமினின், கொலாஜன் முதலிய புரதங்கள் செறிந்த அக்கூழ் சுண்டெலியின் புற்றுக்கட்டியிலிருந்து பிரித்தெடுக்கப்படுவது. அதன் கலவை தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி வேறுபடுகிறது.

எலியின் பங்கு அத்துடன் முடியவில்லை. கருப்பருவக் குடலை ஒத்த நிலையிலேயே நின்றுவிடும் இவ்வுருக்களை, எதிர்ப்பாற்றல் குன்றிய எலியின் சிறுநீரக உறையின்கீழ் பதித்து இரத்த ஓட்டம் கிடைக்கச் செய்தபோதுதான் முதிர்ந்த குடலுறிஞ்சிகள் எழுந்தன என்று 2014-இல் காட்டப்பட்டது. ஏறத்தாழ 5,000 குழந்தைகளில் ஒன்றுக்கு, குடலின் கடைப்பகுதியில் நரம்பணுக்கள் இல்லாமற்போய் மலம் தேங்கும் ஹிர்ஷ்ப்ரங் நோய் பிறவியிலேயே அமைகிறது. அதை ஆராய, குடலுருவுடன் நரம்பு முன்னோடி அணுக்களைச் சேர்த்து 2017-இல் நிகழ்த்தப்பட்ட அரிய சோதனையிலும் திசு எலியுடலில்தான் முதிர்ந்தது.

செயற்கைக் கூழ்களும் வந்துவிட்டன என்று சிலர் சுட்டுவது உண்மையே. ஆயினும் எலிக் கூழே பெரிதும் புழங்கும்வரை, நோயாளியின் அணுவிலிருந்து வளர்ந்த குடலுருவில் தென்படும் குறை மரபணுவால் வந்ததா, கூழால் வந்ததா என்ற ஐயம் எழவே செய்யும். நோயுற்ற அணுக்களையும் பிழை திருத்தப்பட்ட அதே அணுக்களையும் ஒரே தொகுதிக் கூழில் வளர்த்து ஒப்பிட்டபின், வேறொரு தொகுதியிலும் அச்சோதனையைத் திரும்பச் செய்து, இரு தொகுதி எண்களையும் முடிவுகளோடு வெளியிடுவது இவ்வாய்வுகளுக்குக் கட்டாயமாக வேண்டும்.