அப்பம் ஒன்று, வாசல் எத்தனை?

ஒரு பொதுக்கூட்டம் கூட்டுவது எத்தனை பெரும்பாடு என்பதைத் தோழர்களுக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை. சுவரொட்டி ஒட்ட வேண்டும். ஒலிபெருக்கி கட்டிய வண்டியைத் தெருத்தெருவாக ஓட்ட வேண்டும். பேச்சாளர் தேதி தந்தாரா என்று நாலு தடவை கேட்க வேண்டும். மழை வந்துவிடுமோ என்று வானத்தை அண்ணாந்து பார்க்க வேண்டும். இத்தனையும் செய்து ஆயிரம் பேர் கூடிவிட்டால், அன்றிரவுதான் கிளைச் செயலாளர் நிம்மதியாகச் சோறு உண்பார்.

சுவரொட்டி இல்லாமல், வண்டி இல்லாமல், ஒரு மணியோசையை மட்டும் நம்பி, ஆண்டுக்கு 52 தடவை ஊரே கூடுகிற கூட்டம் ஒன்று நம் நாட்டிலே நடக்கிறது. அதுதான் கத்தோலிக்கரின் ஞாயிற்றுக்கிழமைப் பூசை. அதற்கு யாரும் அழைப்பிதழ் அச்சிடுவதில்லை. சாமியார் மாறிப் போவார்; புதியவர் வருவார்; கூட்டம் குலைவதில்லை.

நம்புகிறவர் நம்பட்டும், நம்பாதவர் விலகி நிற்கட்டும். அந்த வழக்கை இங்கே விசாரிக்கப் போவதில்லை. உழைக்கும் மக்கள் வாரந்தோறும் கூடுகிற இடம் எதுவானாலும், அங்கே யார் முன்னே நிற்கிறார், யார் பின்னே தள்ளப்படுகிறார் என்று பார்ப்பது நம் கடமை. அந்தக் கண்ணோடு மாதாகோயில் வாசலில் சற்று நிற்போம்.

வலை காயும் நாள்

குமரிக் கடற்கரையிலே கத்தோலிக்க மீனவர் வாழும் ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகிற வழக்கமில்லை. ஆறு நாள் அலையோடு மல்லுக்கட்டிய கைகள் அன்று ஓய்ந்திருக்கும். வலை காயும், வள்ளம் கரையில் கிடக்கும். கடலிலே மீன் துள்ளினாலும் ஊர்க்கட்டுப்பாடு துள்ளாது. ஒருவன் மட்டும் போய் அள்ளி வந்தால் மற்றவன் வயிறு எரியும் அல்லவா? அதனால் யாரும் போவதில்லை. சட்டம் போட்டு வந்த ஓய்வல்ல இது. ஊர் கூடிக் காத்துவருகிற ஓய்வு.

ஆலைத் தொழிலாளிக்கு அந்த ஓய்வு அத்தனை எளிதில் கிடைத்ததா? இல்லை. பம்பாய் நூற்பாலைத் தொழிலாளர்கள் நாராயண் மேகாஜி லோகாண்டேயின் தலைமையில் பல ஆண்டுகள் கேட்டுக் கேட்டு, 1890-ல்தான் ஞாயிறு விடுமுறையைப் பெற்றார்கள். வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு என்பதை 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் உறுதி செய்தது. ஏழாம் நாள் மனிதனுக்கு உரியது, முதலாளிக்கு உரியதன்று என்ற உண்மை, கடற்கரையில் மணியோசையாலும் ஆலையில் போராட்டத்தாலும் நிலைபெற்றது.

பூசை என்பது என்ன? உள்ளே போய்ப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்வோம். முதலில், செய்த குற்றங்களுக்கு எல்லோரும் சேர்ந்து மன்னிப்புக் கேட்கிறார்கள். சாமியாரும் கேட்கிறார், சந்தையிலே கூடை சுமப்பவரும் கேட்கிறார். பிறகு விவிலிய வாசகங்கள். பள்ளி ஆசிரியை ஒருவர் எழுந்து வாசிப்பார். அடுத்ததைக் கொத்தனார் மகன் வாசிப்பான். அப்புறம் சாமியாரின் மறையுரை. அதன்பின் ஊருக்காகவும் நாட்டுக்காகவும் நோயாளிகளுக்காகவும் மன்றாட்டு. காணிக்கைப் பை வரிசை வரிசையாக வரும். அதிலே ஒரு ரூபாய் விழுந்ததா நூறு ரூபாய் விழுந்ததா என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. அப்பமும் இரசமும் பீடத்திலே வைக்கப்படும். ஒருவரையொருவர் பார்த்துக் கைகூப்பிச் சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். முடிவிலே எல்லோரும் வரிசையில் சென்று நற்கருணை வாங்குவார்கள்.

ஒரே அப்பம். ஒரே வரிசை. இதுதான் அந்த வழிபாட்டின் உயிர்நிலை. இதை நெஞ்சிலே குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் இதைக் கொண்டே ஒரு கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதுகு காட்டிய பூசை முகம் காட்டியது

இன்று இந்தப் பூசை தமிழிலே நடக்கிறது. ஆனால் 1960-களின் நடுப்பகுதி வரை இலத்தீனில் நடந்தது. சாமியார் பீடத்தைப் பார்த்து நிற்பார். மக்களுக்கு அவர் முதுகுதான் தெரியும். அவர் இலத்தீனில் சொல்லிக்கொண்டே போவார். மக்கள் தமிழிலே செபமாலை உருட்டிக்கொண்டிருப்பார்கள். மணி அடித்தால் மண்டியிடுவார்கள்; மறுபடி அடித்தால் எழுவார்கள்.

இத்தனைக்கும் தமிழ் அந்தச் சபைக்குப் புதியதா? தமிழ் எழுத்திலே இந்திய மண்ணில் அச்சான முதல் நூலே ஒரு கத்தோலிக்கச் செபநூல்தான். 1578-ல் கொல்லத்திலே அண்டிரிக் அடிகளார் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கம் கொண்டது. இத்தாலியிலே பிறந்த வீரமாமுனிவர் தமிழிலே காப்பியம் பாடினார், ‘சதுரகராதி’ தந்தார். வீட்டிலே தமிழ், பாட்டிலே தமிழ், தேர்த் திருவிழாவிலே தமிழ். பீடத்திலே மட்டும் இலத்தீன்! புத்தகம் அச்சாகி 385 ஆண்டுகள் கழித்துத்தான் கதவு திறந்தது.

1963 டிசம்பர் 4-ஆம் நாள், ரோமாபுரியில் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டில் மக்கள் மொழிக்கு இடம் தரும் ஆவணத்தை நிறைவேற்றியது. ஆதரவு 2,147, எதிர்ப்பு நான்கே நான்கு! அதைத் தொடர்ந்து பீடம் திரும்பியது. சாமியார் மக்களை நோக்கி நின்றார். அவர் வாயிலே தமிழ் வந்தது. 1969-ல் தரையில் அமர்வதும் கைகூப்பி வணங்குவதும் குத்துவிளக்கு ஏற்றுவதும் போன்ற நம் நாட்டு வழக்கங்களுக்கும் அனுமதி கிடைத்தது.

விளைவு என்ன? கேட்பவராக இருந்த மக்கள் பேசுபவர்களானார்கள். கூலிக்காரரின் மகள் பீடத்தருகே நின்று வாசிக்கிறாள் என்றால், அந்த இடத்தை அவளுக்குத் தந்தது அவளுடைய தாய்மொழி. தன் மொழியிலே பேச முடிகிற இடத்தில்தான் ஏழை நிமிர்ந்து நிற்கிறான்.

ஓலையும் ஒளித்த பையும்

பூசை முடிந்தவுடன் கூட்டம் கலைந்துவிடுவதில்லை. ஊர்ச் செய்தியெல்லாம் அப்போதுதான் வரும். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் என்று மண ஓலை வாசிக்கப்படும். மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். தடை ஏதும் தெரிந்தால் சொல்லுங்கள் என்று ஊர் முழுவதையும் கேட்பார்கள். ஏற்கெனவே மணமானவன் வேறூரில் வந்து இன்னொரு பெண்ணை ஏமாற்றிவிடாதபடி ஏழைப் பெண்ணுக்கு ஊரே காவல் நிற்கும் ஏற்பாடு இது.

பிறகு சபைகள் கூடும். வின்சென்ட் தே பவுல் சபை என்று ஒன்று உண்டு. 1833-ல் பாரிஸ் நகரில் பிரெடரிக் ஓசனாம் என்ற இருபது வயது மாணவரும் அவருடைய தோழர்களும் தொடங்கியது. அவர்கள் கூடும்போது ஒரு பையைச் சுற்றுக்கு விடுவார்கள். கையை உள்ளே விட்டு, இருப்பவர் போடலாம். இல்லாதவர் வெறுங்கையை எடுக்கலாம். யார் போட்டார், யார் போடவில்லை என்று எவருக்கும் தெரியாது. சேர்ந்த பணத்தை எடுத்துக்கொண்டு இருவர் இருவராக ஏழை வீட்டுக்குப் போவார்கள். வரிசையில் நிற்க வைத்துப் படம் பிடிக்கிற தருமமன்று அது.

மரியாயின் சேனையினர் நோயாளி வீடுகளுக்குப் போவார்கள். பாடகர் குழு ஒத்திகை பார்க்கும். சிறுவருக்கு ஞாயிறு வகுப்பு நடக்கும். இருபது முப்பது குடும்பங்கள் சேர்ந்த அன்பியம் வீட்டுக்கு வீடு மாறிக் கூடும். வாடகை கட்ட முடியாதவர் யார், வேலை போனவர் யார், படிப்பை நிறுத்திய பிள்ளை யார் என்பது அங்கேதான் தெரியவரும். சாவு விழுந்தால் துக்கமணி அடிக்கும். பாடையைத் தூக்க ஆள் தேட வேண்டியதில்லை. கடற்கரை ஊர்கள் பலவற்றில் மீன் விற்ற பணத்தில் ஒரு பங்கைக் கோயிலுக்கென்று ஒதுக்குவார்கள். இத்தகைய பணத்திலே எழுந்த கோபுரங்களைத்தான் கடலிலிருந்து கரை திரும்புகிறவன் அடையாளமாகப் பார்க்கிறான்.

சொந்தக் காசு, சொந்தக் கை, வாரம் தவறாத சந்திப்பு. ஒரு ஊரை ஊராக வைத்திருக்க வேறென்ன வேண்டும்?

காற்சட்டைக் கோயில்

இத்தனை நன்மையையும் சொல்லிவிட்டோம். இப்போது முன்னே குறித்த கணக்கைப் பார்ப்போம். ஒரே அப்பம் சரி, வாசல் எத்தனை?

திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளத்திலே 1872-ல் ஒரு கோயில் எழுந்தது. காற்சட்டையின் இரு கால்களைப் போல இரண்டு நீண்ட மண்டபங்கள். இரண்டும் பீடத்தருகே வந்து சேரும். ஒரு காலிலே வெள்ளாளர் முதலானோர். மறு காலிலே நாடார் முதலானோர். இங்கே நிற்பவர் பீடத்தைப் பார்க்கலாம். அங்கே நிற்பவரும் பீடத்தைப் பார்க்கலாம். இவர் அவரைப் பார்க்க முடியாது! கடவுளின் கண்ணுக்கு முன்னே மனிதன் கண்ணை மறைக்கிற கட்டடக்கலை உலகத்திலே எத்தனை இடத்தில் உண்டு?

1910-ல் ஆயரின் ஆணையால் அந்தத் தடுப்பு அகற்றப்பட்டது. விட்டார்களா? திருச்சி ஆயர் பார்த் மீது வழக்குத் தொடுத்தார்கள். எங்கள் சாதிக்குத் தனியிடம் வேண்டும் என்பதே வாதம். சென்னை உயர்நீதிமன்றம் வரை போனார்கள். நீதிமன்றம் அந்த உரிமையை ஏற்கவில்லை. 38 ஆண்டுகள் நின்ற சுவர் போனது போனதுதான்.

அதே வடக்கன்குளத்திலேதான், அந்தக் கோயில் எழுவதற்கு நெடுங்காலம் முன்பு, 1745-ல், திருவிதாங்கூர் அரசு அலுவலர் நீலகண்டப் பிள்ளை ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அதிகாரமும் குலப்பெருமையும் உடையவர், எல்லாச் சாதியாரோடும் சமமாகப் பழகினார். சிறைப்பட்டார், சித்திரவதைப்பட்டார், 1752-ல் ஆரல்வாய்மொழியிலே சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-ஆம் நாள் ரோமாபுரி அவரைப் புனிதர் என்று அறிவித்தது. அறிவிப்பதற்கு முன்பு ஒரு காரியம் செய்தது: ‘பிள்ளை’ என்ற சாதிப் பட்டத்தை அவர் பெயரிலிருந்து நீக்கியது. இந்தியாவின் முதல் இல்லறத்துப் புனிதர் வெறும் தேவசகாயமாகவே பீடமேறினார். வானுலகுக்கே வேண்டாத வால், வடக்குத் தெருவுக்கும் தெற்குத் தெருவுக்கும் ஏன்?

இடியாத சுவர்கள்

கல்லாலான சுவர் போயிற்று. கண்ணுக்குத் தெரியாத சுவர் நின்றது. அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் தலித் கத்தோலிக்கர், பெரிய கோயிலில் தங்களுக்குச் சமமதிப்பு இல்லை என்று சொல்லித் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச்சில் மோதல் வெடித்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டிலே இரண்டு உயிர்கள் போயின. ஒரே செபத்தைச் சொன்ன வாய்கள் ஒன்றையொன்று சபித்தன. திருச்சியிலே கல்லறைத் தோட்டம் ஒன்றில் பிணத்துக்கும் பிணத்துக்கும் நடுவே சுவர் எழுப்பி வைத்தார்கள். அதை எதிர்த்துப் போராட்டங்கள் நடந்தன. செத்தவன் எழுந்து போய்ப் பக்கத்துக் குழியைத் தொட்டுவிடுவான் என்ற அச்சம் போலும்!

இவையெல்லாம் எதிரிகள் கட்டிய கதை என்று யாரும் சொல்லிவிட முடியாது. 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர்களே வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, சபைக்குள் தீண்டாமையும் பாகுபாடும் இருப்பதை ஒப்புக்கொண்டது. நாட்டிலுள்ள ஒரு கோடியே 90 லட்சம் கத்தோலிக்கரில் ஒரு கோடியே 20 லட்சம் பேர் தலித் மக்கள் என்றும் அது கணக்குச் சொன்னது. மூன்றில் இரண்டு பங்குக்கும் கிட்டத்தட்ட அவர்களே! காணிக்கைப் பையை நிரப்பும் கைகளில் அவர்கள் கைதான் அதிகம். தேர்வடம் தொட மட்டும் அந்தக் கை ஆகாதா?

இன்னொரு பக்கம் அரசின் சுவர். 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, கிறித்தவரான தலித்தைப் பட்டியல் சாதியாகக் கொள்ளவில்லை. 1956-ல் சீக்கியரைச் சேர்த்தார்கள். 1990-ல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறித்தவர் வெளியிலேயே நிறுத்தப்பட்டார். சேர்க்க வேண்டும் என்று 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. தெருவிலே போனால் ‘நீ இன்ன சாதி’ என்கிறார்கள். அலுவலகத்திலே போனால் ‘உனக்குச் சாதியே இல்லை’ என்கிறார்கள். அடி மட்டும் இரண்டு இடத்திலும் விழுகிறது.

தோழர்களே! ஒரு பங்கின் பெருமையை அதன் கோபுர உயரத்தால் அளக்காதீர்கள். திருவிழாவில் வெடித்த வாணத்தால் அளக்காதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். தேர் எல்லாத் தெருவுக்கும் போகிறதா? பிணம் எல்லாம் ஒரே வழியில் ஒரே தோட்டத்துக்குப் போகிறதா? பங்குப் பேரவையில் கணக்குக் கேட்கும் உரிமை எல்லோருக்கும் இருக்கிறதா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்று பதில் வருகிற ஊரில், ஞாயிற்றுக்கிழமை ஒரே அப்பம் பகிரப்படுகிறது என்பது மெய். ஒன்றுக்கு ‘இல்லை’ என்றாலும், அங்கே அப்பம் பகிர்ந்தபின் மனிதனைப் பிரிக்கிறார்கள் என்றே பொருள்.

இலத்தீன் போகாது என்றார்கள், போயிற்று. வடக்கன்குளத்துச் சுவர் விழாது என்றார்கள், விழுந்தது. ஞாயிறுதோறும் ஒரே வரிசையில் நிற்கக் கற்றுக்கொண்ட மக்கள், திங்கட்கிழமையும் அதே வரிசையில் நிற்க முடியாதா? முடியும். அந்தத் திங்கட்கிழமைக்காகப் பாடுபடுகிறவர் கோயிலுக்குள் இருந்தாலும் வெளியில் இருந்தாலும், அவர் நம் தோழர்.